களை எடுக்கவா கடல் கடந்து போவது?

போன இதழில் மிளகாய் வற்றல் பூஞ்சணம் பிடிக்காமல் காயப்போடுவது பற்றி எழுதியதற்கு நாலைந்து சகோதரிகள் சந்தேகம் கேட்டிருந்தார்கள். பதிலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை எங்கள் வீட்டு வழக்கு ஒன்று.

என் மூத்தவளுக்கு வயது 24. சென்னையில் உத்தியோகம். சித்திரையில் லீவுக்கு வந்திருந்தவள், ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, ஒரு வருஷம் வெளிநாடு சுத்தலாம்னு இருக்கேன். முதுகுல ஒரு பை, அவ்வளவுதான். பண்ணையில தங்கி வேலை செஞ்சா சாப்பாடும் படுக்க இடமும் குடுத்துருவாங்க."

"என்னடி வேலை?"

"களை எடுக்கறது, உரம் போடறது, ஆடு மாடு பாக்கறது."

அவர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். திண்ணையிலிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்கள். "கூலி எம்புட்டுத்தா?"

"கூலி கிடையாது அப்பத்தா."

அப்புறம் யாரும் ரசம் கேட்கவில்லை.

எங்கள் வீரசோழன் பக்கம் வானம் பார்த்த பூமி. மிளகாய், பருத்தி, குதிரைவாலி, மழை பெய்தால் நெல். நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் களைக்கொத்தும் கையுமாகத்தான் இருந்தேன். உள்ளங்கையில் அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறது. என் பெண்ணின் கை இப்படி ஆகக் கூடாதென்றுதான் கம்மலை அடகு வைத்து அவளை அருப்புக்கோட்டைக்குப் படிக்க அனுப்பினேன். அவள் படித்து முடித்துச் சம்பாதித்து, டிக்கெட் எடுத்து, ஊரான் வயலில் சோற்றுக்குக் களை எடுப்பாளாம்! இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே உட்கார்ந்து விளக்கினாள். 1971-ல் இங்கிலாந்தில் ஸூ கோப்பர்ட் என்ற பெண்மணி ஆரம்பித்ததாம். லண்டனில் செக்ரடரி வேலை. சனி ஞாயிறிலாவது மண்ணையும் மரத்தையும் பார்க்க வேண்டுமென்று ஏங்கி, ரசாயனம் போடாத பண்ணை ஒன்றில், வேலை செய்கிறோம், தங்க இடம் கொடுங்கள் என்று கேட்டுப் போனாராம். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அந்த ஏற்பாடு இருக்கிறது. 'வூஃப்' என்று பெயர். நாய் குரைக்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சுவார்த்தையும் அதோடு மறுபடி ஆரம்பமாயிற்று. தினம் நாலைந்து மணி நேரம் வேலை, மீதி நேரம் அவரவர் இஷ்டம். கைமாறாகப் பணம் கிடையாது.

ஆனால் அவள் போட்டிருந்த கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சுற்றுலா விசாவில் நியூசிலாந்து போய்ப் பண்ணையில் தங்கலாம் என்று நினைத்திருந்தாள். விசாரித்தால், சோற்றுக்கும் படுக்கைக்கும் செய்தாலும் அது வேலைதான் என்பது அந்த நாட்டுச் சட்டம்; சுற்றுலா விசாவில் செய்யக் கூடாது. பல நாடுகளில் இதே கதைதான். "சம்பளம் இல்லையே, என்ன தப்பு?" என்று போகிற பிள்ளைகளை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கிளம்பினால், பண்ணையின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள். ஆஸ்திரேலியா 2024-லிருந்து நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு, 18 வயதிலிருந்து 30 வரை, ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய ஒரு விசா கொடுக்கிறது. வருஷத்துக்கு 1,000 பேர், அதுவும் குலுக்கலில்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். "முதலில் நம்ம மிளகாய்க் கொல்லையில களை வெட்டு. அப்புறம் பாக்கலாம்." கார்த்திகையில் வந்தாள். முதல் நாளே பத்து மணிக்குக் கை கொப்புளித்துவிட்டது. வேப்பெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டேன். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அப்பத்தாவும் பேத்தியும் வரப்பில் உட்கார்ந்து, எந்தக் களையை மாடு தின்னும், எதைக் கீரையாகக் கடையலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருஷத்தில் என்னிடம் அதையெல்லாம் அவள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தையில் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு ஆரோவில் ஓரத்திலுள்ள சாதனா வனத்துக்குப் போனாள். பண்ணை இல்லை, காடு வளர்க்கிற இடம். இஸ்ரேலிலிருந்து வந்த தம்பதி 2003-ல், மண் அரித்துப்போன 70 ஏக்கரில் ஆரம்பித்தது. நானும் அவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். ஓலைக் குடிசைகள், சூரிய வெளிச்சத்தில் மின்சாரம், எருவாக மாற்றுகிற கழிப்பிடம். சாப்பாட்டில் பால், தயிர் எதுவுமே கிடையாது. அவருக்கு அன்றைக்குத் தலைவலி. மழைத் தண்ணீர் ஓடாமல் மண்ணில் இறங்கக் கரை போட்டிருந்தார்கள். "இது நம்ம கண்மாய்க்கரை வேலைதானே!" என்றார் அவர். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு மண் கொத்திக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் தூளி கட்டிவிட்டு நாற்று நட்டது ஞாபகம் வந்தது. அவள் நினைத்தால் நாளைக்கே கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். எங்கள் ஊர்க்காரிக்கு அது முடியாது. இதை மகளிடம் சொன்னேன். "ஆமாம்மா, அந்த வித்தியாசம் இருக்கு" என்றாள். சமாதானம் சொல்லாமல் ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது குலுக்கலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நானும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: தனி அறையா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா, வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, ஏற்கெனவே தங்கிய பெண் ஒருத்தியிடம் பேசினாயா, பஸ் எவ்வளவு தூரம், பிடிக்காவிட்டால் அன்றே கிளம்பக் கையில் தனியாகப் பணம் இருக்கிறதா. போவதற்கு முன் டெட்டனஸ் ஊசி. மண்ணில் புழங்குகிறவளுக்கு அது கட்டாயம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ். அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் மடித்துப் பையில்தான் வைத்துக்கொண்டாள்.

அப்பத்தா ஒரு படி குதிரைவாலி விதையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார்கள், அங்கே விதைக்க. விதையும், செருப்பில் ஒட்டின மண்ணும்கூட அந்த நாட்டு விமான நிலையத்தில் விடமாட்டார்களாம். அதை அவர்களிடம் யார் சொல்வது என்று நானும் அவரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.