நுரைச்சோலைப் பூட்டு மட்டும்தானா நம்மட வீட்டுப் பிரச்சினை?

பதிவு கொஞ்சம் நீளம். முழுசா வாசித்துவிட்டு ஏசுகிறவர்கள் ஏசலாம், கமெண்டைப் பூட்டமாட்டேன்.

டிசம்பர் 26 நெருங்கினால் நமது முகநூலில் ஒரே படம்தான் சுற்றும். பற்றைக்காடு மூடிய நுரைச்சோலை வீடுகள். கீழே "சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடன் வழங்கு" என்று ஒரு வரி. 2024இல் இருபது வருடம் என்பதால் படம் இரண்டு மடங்கு சுற்றியது. ஜனவரி பிறந்தால் படமும் போய்விடும், வரியும் போய்விடும்.

முதலில் பிள்ளைகளுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது ஓ.எல். எழுதுகிறவர்கள் எல்லாரும் கடல் வந்த பிறகு பிறந்தவர்கள். 2004இல் நாட்டிலேயே ஆகக்கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். வீடிழந்தவர்களுக்காக, அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பேரியல் அஷ்ரப். வீடு மட்டுமல்ல, பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை என்று ஒரு முழு ஊராகவே கட்டினார்கள். தீகவாபிப் புனித பூமியின் பக்கத்தில் முஸ்லிம்களைக் குடியேற்றுகிறார்கள் என்று ஜாதிக ஹெல உறுமய தரப்பு உயர் நீதிமன்றம் போனது. சரத் என். சில்வா பிரதம நீதியரசராக இருந்த காலம். தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதோடு பூட்டு விழுந்தது.

அந்தத் தீர்ப்பைக் கணக்குப் பாடமாகப் போட்டுப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டுச் சனத்தொகையில் சோனகர் 9.3 வீதம். 500 வீட்டில் நமக்கு ஐம்பதுகூட வராது. சிங்கள மக்களுக்கு ஏறத்தாழ 375. நமது மாவட்டத்தின் கடலோரத்தில் பெரும்பாலும் இருந்தது முஸ்லிம்களும் தமிழர்களும்தான், செத்ததும் அவர்கள்தான். அலை குடிசன மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு வரவில்லை. ஓர் அனர்த்தத்துக்கான நிவாரணத்தை நாட்டு விகிதாசாரத்தில் அளப்பது எந்த நியாயத்திலும் சேராது. நீதிமன்றத்தை மதிக்கிறேன், அந்த அளவுகோலை ஏற்கமாட்டேன்.

ஆனால் அதற்குப் பதிலாக நாம் வைத்த அளவுகோல் என்ன? "சவூதிக் காசு, ஆகவே முஸ்லிம்களுக்கு மட்டும்" என்று மேடையில் முழங்கினோமே, அது மட்டும் சரியா? சரியான அளவு ஒன்றுதான்: கடல் வீட்டைக் கொண்டுபோனதா, இல்லையா. அந்தப் பட்டியலில் காரைதீவுத் தமிழ்ச் சகோதரர் இருந்தால் அவருக்கும் கொடு, சிங்களச் சகோதரர் இருந்தால் அவருக்கும் கொடு. பெயர் விபரத்தை வெளிப்படையாக ஒட்டு. இப்படி ஒரு பட்டியலை மூன்று சமூகத்துக்கும் முன்னால் வைத்துவிட்டு மறுபடி நீதிமன்றக் கதவைத் தட்டியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம். தட்ட ஆளில்லையா? 2010 கடைசியிலிருந்து நாலு வருடம் நாட்டின் நீதி அமைச்சர் ரவூப் ஹக்கீம். அதே காலத்தில் உள்ளூராட்சி அமைச்சர் அதே அக்கரைப்பற்றைச் சேர்ந்த அதாவுல்லா. 2015இல் நகர அபிவிருத்தி அமைச்சும் நம்மவர் கையில் இருந்தது. நீதி, உள்ளூராட்சி, நகர அபிவிருத்தி. பூட்டைத் திறக்க இதைவிட வேறென்ன சாவி வேண்டும்? ஒவ்வொரு தேர்தலுக்கும் "நுரைச்சோலையைப் பெற்றுத் தருவோம்" என்று வந்தார்கள், நாமும் தக்பீர் சொன்னோம். திறந்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு என்ன சொல்வது என்று யோசித்தார்களோ தெரியாது. அல்லாஹ் அறிவான்.

சரி, இனித்தான் நான் சொல்ல வந்த விடயம். கிடைக்காத 500 வீட்டுக்காக இருபது வருடம் அழுகிறோம். கிடைத்த வீடுகளை என்ன செய்தோம்?

கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீட்டர்தான், நமக்கு மட்டும் இருநூறு. பிறகு குறைத்து நமது பக்கத்தில் 65 மீட்டர் என்றார்கள். அந்த அறுபத்தைந்து மீட்டருக்குள் இருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த வீட்டுத் திட்டங்களும் தொடர்மாடிகளும் நமது ஊர்களில் நிற்கின்றன. எதென்று பெயர் சொல்லவில்லை, இருக்கிறவர்களுக்குத் தெரியும். மழை ஒன்று விழுந்தால் வடிகான் தண்ணீர் வாசலுக்கு வரும். மேல்மாடிக் குழாய் ஒழுகினால் கீழ்மாடிக்காரி கோப்பை வைத்துப் பிடிக்கிறாள். மலசலகூடக் குழி நிரம்பினால் பவுசருக்குச் சொல்லிவிட்டு நாள்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். இருபது வருடம் குடியிருந்தும் கையில் உறுதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். உறுதி இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை, கடன் இல்லை என்றால் திருத்தம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், என்னிடம் படிக்கும் பிள்ளையின் மூத்தம்மா, காணிப் பத்திரத்துக்காக ஓர் அலுவலகம் போனார். இது எங்கள் வேலை இல்லை, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் வேறோர் இடம். மூன்றாவது இடத்தில் முதல் இடத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் நான் கூடப் போனேன், மூன்று இடத்திலும் நிரப்புவதற்கு ஒரு தாளாவது தரவில்லை.

இங்கேதான் மாநகர சபை வருகிறது. "வீடு கொடுப்பது சபையின் வேலையா, சேர்?" என்று கேட்பீர்கள். நமது நாட்டில் வீட்டுக் கடனும் மாதிரிக் கிராமமும் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் பக்கம், காணி பிரதேச செயலகத்தின் பக்கம், உண்மை. லண்டனில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அங்கே வீடற்றவருக்கு உதவுவது 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ளூர்ச் சபையின் கடமை. கவுன்சிலுக்குப் போனால் ஆளை உட்காரவைத்து விசாரிப்பார்கள். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் ஒரு மனிதன் வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவன் போகிற பாதையில் பாதி சபையின் படிக்கட்டுத்தான். கட்டட வரைபட அனுமதி, வீதிக் கோட்டுச் சான்றிதழ், கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ், சோலைவரிப் பதிவு, வடிகான், தெரு விளக்கு, குப்பை, கழிவுப் பவுசர். வங்கியிலோ வீடமைப்பு அதிகார சபையிலோ கடன் கேட்டால் இந்தத் தாள்களில் எதையாவது கேட்காமல் விடமாட்டார்கள். அறிந்தவன் ஒரு வாரத்தில் எடுத்துவிடுவான். அறியாதவன் தரகனுக்குக் காசு கொடுத்து எடுப்பான், இல்லாவிட்டால் எடுக்காமலே கட்டிவிட்டு ஆயுள் முழுதும் பயந்துகொண்டு இருப்பான்.

ஆகவே கேட்பது பெரிய விடயம் அல்ல. சபையில் ஒரு மேசை. ஓர் அலுவலர், ஒரு பதிவுப் புத்தகம். வீட்டுப் பிரச்சினையோடு வருகிறவரின் பெயரை எழுதி, எந்தத் தாள் எங்கே எடுக்க வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று சொல்லி, பிரதேச செயலகத்துக்கோ வீடமைப்பு அதிகார சபைக்கோ அனுப்ப வேண்டியதை ஒரு கடிதத்தோடு அனுப்புகிற மேசை. இதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை, சவூதிக் காசும் தேவையில்லை.

இதை ஏன் இதுவரை யாரும் கேட்கவில்லை? கல்முனை மாநகர சபையானது. அன்றிலிருந்து நாம் சபையைப் பற்றிப் பேசியதெல்லாம் எல்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை, கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், யாருக்கு எந்தத் தெரு. 2019இல் உண்ணாவிரதம், எதிர் சத்தியாக்கிரகம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வந்து வெடி கொளுத்தினோம், வெடிப்புகை அடங்குமுன் அதை நிறுத்தியும் விட்டார்கள். 2023 மார்ச்சோடு தெரிவான சபையும் போய், இப்போது எல்லாம் ஆணையாளர் கையில். எல்லை வழக்கால் கல்முனைக்குத் தேர்தலும் நிற்கிறது. எல்லைப் பிரச்சினை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் குழி நிரம்புகிறது, அந்தப் பக்கமும் குழி நிரம்புகிறது.

அடுத்தது சொன்னால் என்மீது கோபம் வரும்.

நமது ஊரில் வீடு என்பது குடியிருக்க மட்டும் அல்ல, குமரைக் கரையேற்றவும்தான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது, நமது கிழக்கின் பழைய வழக்கம், தமிழ்ச் சகோதரர்களிடமும் உண்டு. அதை நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால், நாளைக்குக் குடும்பம் பிரிந்தால் தெருவுக்குப் போவது அவள் அல்ல. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே சுனாமி வீடுகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சீதன வீட்டுக் கதையைத்தான் பெரிதாக எடுத்தார். கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஓர் இடம் இருக்கும், அதில் ஆணின் பெயர் போகும். உம்மா வழியாக மகளுக்கு வந்த வளவு கடலோடு போக, புது வீடு வாப்பாவின் பெயரில் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்வி கேட்டோம்?

கேட்கவில்லை. கிடைத்த வீட்டைப் பூட்டி வைத்தோம். எட்டு வயது மகளுக்குச் சீதனமாம். வாடகைக்கு விட்டோம், சிலர் விற்றும் விட்டார்கள். அதே தெருவில் உண்மையாகவே வீடிழந்தவர் மச்சானின் கொட்டிலில் இருந்தார். நுரைச்சோலையில் அரசாங்கம் போட்ட பூட்டைப் படம் பிடிக்கிறோம், நாம் போட்ட பூட்டைப் படம் பிடிப்பது யார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்று குமர் உள்ள வாப்பாவை ஜீ.எஸ். பதிவு "வீடுள்ளவர்" என்கிறது. உண்மையில் அந்தப் பத்துப் பேர்ச்சில் மூத்த மகள் குடும்பம் ஓர் அறையில், இரண்டாவது மகள் குடும்பம் விறாந்தையில், உம்மாவும் வாப்பாவும் குசினியில். ஒரு விலாசம், மூன்று குடும்பம். கிழக்கே கடல், மேற்கே வயல். வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் நிரப்பியவன் வெள்ளத்தை அடுத்தவன் வாசலுக்கு அனுப்புகிறான். வாப்பா கட்டாரில் கல் தூக்குகிறார். இந்தக் குடும்பம் எந்தப் பட்டியலிலும் வராது. வீட்டுத் திட்டம் அறிவித்தால் கட்சிக்காரனின் பெயர் வரும், இவர்களின் பெயர் வராது. இவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு தாளில்கூட ஆதாரம் இல்லை.

அந்தத் தாளை நாமே எழுதலாம். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலிடம் குடும்ப விபரம் இருக்கிறது, ஸகாத்துக்கும் சந்தாவுக்கும் எழுதியது. அதில் இன்னும் நாலு கேள்வி சேர்த்தால் போதும்: இந்த விலாசத்தில் எத்தனை குடும்பம், காணிக்கு என்ன பத்திரம், யார் பெயரில், குழியும் வடிகானும் எப்படி. சுனாமியில் வீடிழந்து இன்னும் வீடு கிடைக்காதவர் என்றால் தனியாகக் குறிப்பது. பூட்டிக் கிடக்கும் வீட்டையும் குறிப்பது, அது ட்ரஸ்டியின் வீடானாலும் சரி. விபரத்தின் ஒரு பிரதி ஆணையாளருக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு. பெயர் போடாத எண்ணிக்கை மட்டும் பள்ளிவாசல் பலகையில்.

நுரைச்சோலை நாளைக்கே திறந்தாலும் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் இருக்கும் பட்டியல் 2005இல் எழுதியது. அதில் இருந்த பலர் மௌத்தாகிவிட்டார்கள், அவர்களின் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன.

பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் எனது மஹல்லாவில் இதை ஆரம்பிக்க நானும் நாலைந்து ஏ.எல். மாணவர்களும் தயார். படிவம் அடித்து வைத்திருக்கிறேன். பெண்கள் உள்ள வீட்டுக்குள் போய்க் கேட்க ராத்தாமார் இரண்டு பேராவது தேவை. மற்ற ஊர்க்காரர் படிவம் கேட்டால் உள்பெட்டியில் அனுப்புகிறேன். கட்சிச் சின்னம் போட்டு அச்சடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து கேட்காதீர்கள்.