காகத்துக்கு ஆறும், எங்களுக்கு ஆறாது

"ஸ்பீக்கர் கட்டின பனையிலதான் காகம் இருக்குது. அதுக்கு ஒண்டும் ஆகேல்லை, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?"

திருவிழாச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ என்று கேட்டால் கீரிமலைப் பக்கம் கிடைக்கிற பதில் இது. பகிடிதான். ஆனால் இதுக்குள்ளே பிழையான உயிரியல் ஒண்டு இருக்கு. (நான் கலைப்பீடம். விஞ்ஞானம் ஓ/எல்லோட முடிஞ்சுது. இதுக்கு அது காணும்.)

பறவையின் காதும் பெருஞ்சத்தத்தில் கெடும். உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் செத்துப்போகும். ஆனால் பக்கத்தில் நிற்கிற தாங்கு கலங்கள் சும்மா இருப்பதில்லை. சில பிரிந்து புதுக் கலம் தரும், சில தாங்களே மயிர்க்கலமாக மாறும். சில கிழமைகளில் கேள்வி பெரும்பாலும் திரும்பிவிடும். கோழிக்குஞ்சிலும் காடையிலும் இதைக் கண்டு 1988இல் சயன்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன.

மனிசருக்கு ஒரு காதில் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலம். பிறக்கமுதலே கிடைச்சது, செத்தால் செத்ததுதான். 85 டெசிபல் எட்டு மணித்தியாலம் தாங்கலாம், 100 என்றால் 15 நிமிசம் என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஸ்பீக்கருக்குக் கீழே கச்சான் விற்கிற அம்மாவுக்கு ஆர் கணக்குப் பார்த்தது? "விடிஞ்சால் இரைச்சல் நிண்டிடும்" என்பதையும் நம்ப ஏலாது. கேள்வி திரும்பின எலிகளிலேயே நரம்பு இணைப்புகள் அழிந்திருந்ததை 2009இல் கண்டார்கள்.

எங்கட ஊர்ப்பெயரே குணமானதின் கதை. நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் இந்தத் தீர்த்தத்தில் மாறியதாம். காது மாறியதாக நான் ஒரு கதையும் கேள்விப்படவில்லை. 1990இல் நகுலேஸ்வரத்தின் மேலேயே குண்டு விழுந்தது. ஷெல்லுக்கும் பொம்பருக்கும் பாதிக் கேள்வியைக் குடுத்திட்டு வந்த சனத்திடம் மிச்சத்தையும் நாங்களே பறிக்கிறது எந்தப் பக்தியில் சேர்த்தி?

சமயத்துக்கு எதிராகக் கதைக்கிறன் என்று வராதேங்கோ. நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே வீதி முழுக்கக் கேட்கும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி குடுக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. விசேஷங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அயலாரின் கருத்தை அறிஞ்ச பிறகு. உங்கட வீட்டை வந்து ஆரும் கேட்டவையா?

வீடுகளைப் பார்த்துக் கட்டின குழாய்களைக் கழற்றுங்கோ. பெட்டி ஸ்பீக்கரைப் பதித்து வைத்து, கோயில் பக்கம் திருப்புங்கோ. நாலு பெடியளுக்கு ஒரு பின்னேர வேலை. ஆடி அமாவாசைக்கு முதல் முடிக்கலாம்.