சர்வர் மெமரியும் குற்றாலத்து லாட்ஜ் ரூமும்

தின் கிளையன்ட்னாலே ஸ்லோ, டெவலப்பருக்கு ஒத்தே வராதுன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டுத் திரியுது. ஒரு சர்வர், இருபது டப்பா வாங்கிப் போட்டா ஆபீஸ் ரெடின்னு இன்னொரு கூட்டம் கணக்கு போடுது. முதல் கூட்டத்தை உருவாக்குறதே இந்த ரெண்டாவது கூட்டம்தான். என் கோபமெல்லாம் அவங்க மேலதான்.

எல்.டி.எஸ்.பி. கையேட்டுல ஒரு பழைய ஃபார்முலா உண்டு: 256 + (192 × ஆட்கள்) எம்பி. 20 பேருக்கு 4096 எம்பி, அதாவது 4 ஜிபி. அந்தக் காலத்து ஸ்கூல் லேப்ல டைப் அடிக்க, படம் வரைய அது சரியான கணக்கு. நம்ம டேமேஜர்கள் அதையே கொஞ்சம் ஏத்தி, "தலைக்கு 3 ஜிபி தாராளம், எல்லாரும் ஒரே நேரத்துலயா ஆணி புடுங்கப் போறாங்க?"ன்னு கேக்கறாங்க.

இங்கதான் கோட்டை விடறாங்க. சிபியு ஐந்தருவி மாதிரி. வரிசையில நின்னு, தலையைக் காட்டிட்டு, அடுத்தவருக்கு வழி விடலாம். மெமரி அப்படி இல்ல மக்களே, அது லாட்ஜ் ரூம். ஆள் அருவிக்குப் போயிருந்தாலும் பெட்டி படுக்கை உள்ளேதான், கதவுல பூட்டு தொங்குது. நீங்க சாப்பிடப் போனாலும் ஐ.டி.ஈ. தன் இடத்தை விடாது. கிரேடில் டீமன் பில்ட் முடிஞ்சும் டீஃபால்ட்டா 3 மணி நேரம் சும்மாவே உக்காந்திருக்கும்.

"ஷேர் ஆகும்ல?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஒரே புரோகிராமை இருபது பேர் திறந்தா கோட் பக்கங்கள் ஷேர் ஆகும், வாஸ்தவம். ஆனா ஜாவா ஹீப்பு அவனவனுக்குத் தனித்தனி. சரி, ஸ்வாப்? ரூம் கிடைக்காம வேன்லயே படுத்துத் தூங்குற கதைதான். ஒரு ராத்திரி தாங்கும், சீசன் முழுக்கத் தாங்காது.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில 20 பேருக்கு 64 ஜிபி. சாதாரண நாள்ல ஓடிரும். ரிலீஸ் அன்னிக்கு எல்லாரும் பில்ட் போட்டா ஸ்வாப் நிரம்பி, ஓஓஎம் கில்லர் வந்து பெருசா இருக்கற ப்ராசஸாப் பார்த்துப் போட்டுத் தள்ளும். பில்ட் போட்டவன் ஒருத்தன், ஐ.டி.ஈ. செத்தது இன்னொருத்தனுக்கு. மீட்டிங்ல திட்டு வாங்குறது "டீம் ஸ்லோ"ன்னு நாங்க! பிசின்னா ஒருத்தன் தப்பு ஒருத்தனோட போகும், இங்க இருபது பேரும் சேர்ந்து முழுகணும்.

சரியான கணக்கு ஒண்ணும் பிரம்ம ரகசியமில்ல. ஐ.டி.ஈ. 3, பில்ட் 2, பிரவுசர் 2, லோக்கல் டேட்டாபேஸ் 1 ஜிபின்னு வச்சாலே தலைக்கு 8. இருபது பேருக்கு 160. ஓஎஸ்ஸுக்கும் டிஸ்க் கேஷுக்கும் மேல கொஞ்சம் சேர்த்தா 192 ஜிபிக்குக் குறைஞ்சு பேசவே கூடாது. இதுவும் சாதா வெப் வேலைக்குத்தான். ஆண்ட்ராய்டை முழுசா பில்ட் பண்ற ஒரே மெஷினுக்கே 64 ஜிபி கேக்குது கூகுள். என் நம்பரையும் நம்பாதீங்க. ரிலீஸ் வாரத்துல பிஎஸ்எஸ் அளந்து பாருங்க. ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டினா ஷேர் ஆன பக்கத்தையே திரும்பத் திரும்ப எண்ணுவீங்க. அப்புறம் சிஸ்டம்டியில ஆளுக்கு ஒரு மெமரிமேக்ஸ் கட்டாயம் வைங்க. அவனவன் பில்ட் அவனவனையே கடிக்கட்டும்.

இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்னா, ஐந்தருவியிலிருந்து கொஞ்ச தூரத்துல, மத்தளம்பாறையில சோஹோ ஆபீஸ் வந்து வருஷக்கணக்காச்சு. அதைப் பார்த்து ஊர்ப்பக்கம் கடை போட நினைக்கற சின்னக் கம்பெனிக்கு தின் கிளையன்ட் நல்ல வழி. டப்பா போனா அஞ்சு நிமிஷத்துல மாத்திரலாம், பேக்கப் ஒரே இடத்துல. மெமரியில கஞ்சத்தனம் பண்ணிட்டு, "ஊர்ல உக்காந்து இந்த வேலையெல்லாம் ஆகாது"ன்னு பழியைத் தூக்கி ஊர் மேல போடாதீங்க அண்ணாச்சி.

ஏப்ரல்ல வந்து வெறும் பாறையைப் பார்த்துட்டு, ஜூலைக்கு எத்தனை ரூம் வேணும்னு எந்த லாட்ஜ்காரரும் முடிவு பண்ண மாட்டார். அவருக்குத் தெரிஞ்ச கணக்கு நமக்குத் தெரியாதா?

டிஸ்கி: "எங்க ஆபீஸ்ல 4 ஜிபியில சூப்பரா ஓடுது"ன்னு பின்னூட்டம் போடறவங்க, ரிலீஸ் தேதியையும் சேர்த்துப் போடவும் :-)