எந்த ஜோடி ‘ப்ரூவன்’?

முட்டை போட்டுவிட்டால் போதும், அந்த ஜோடிக்கு ‘ப்ரூவன் பேர்’ (நிரூபித்த ஜோடி) என்று பெயர் சூட்டி விலையை ஏற்றிவிடும் பழக்கம் டிஸ்கஸ் மீன் வளர்ப்பில் ஊறிவிட்டது. பெங்களூரானாலும் சென்னைக் கொளத்தூரானாலும் பேச்சு இதுதான். ஆனால் இரண்டு பெண் மீன்கள் சேர்ந்தும், முட்டையிட வைக்கும் கூம்பான ‘கோனை’த் துடைத்து, முறை வைத்து முட்டை போடும். மூன்றாம் நாள் அத்தனையும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஆணும் பெண்ணுமாகவே இருக்கட்டும், முட்டை பொரிவது வேறு, குஞ்சு பிழைப்பது வேறு. குஞ்சுகளைத் தன் மேனியில் ஏற்றி மூன்று வாரம் வளர்த்துக் காட்டிய ஜோடிக்கே அந்தப் பெயர் தகும் என்பது நம் கட்சி.

டிஸ்கஸ் குஞ்சின் முதல் தீனி பெற்றோர் தோலில் சுரக்கும் கோழை. இந்த வினோதத்தை ஹில்டமன் 1959-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 2010-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தாரும் பிரேசில் ஆய்வாளர்களும் அந்தக் கோழையையே எடுத்துச் சோதித்தபோது, இனப்பெருக்கக் காலத்தில் அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவது தெரிந்தது. ஏறக்குறைய பாலூட்டிகளின் சீம்பால் கதைதான். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாயின் விலாவில் மொய்த்துக் கொத்தும். சில நிமிடம் பொறுத்துவிட்டுத் தாய் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும், கூட்டம் முழுவதும் தகப்பன் மேனிக்குத் தாவிவிடும். மூன்றாம் வாரத்தில் பெரியவை கொஞ்சம் கொஞ்சமாக விலகி நீந்தி, பால்குடி மறக்கடிப்பதுபோல் குஞ்சுகளைப் பழக்குகின்றன. இத்தனை நுட்பமான குணத்தை நிறத்துக்காக நாம் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பதற்குப் பீஜியன் பிளட் என்ற நிறவகை ஒன்றே போதும். பெற்றோரின் மேனி கறுப்பதைப் பார்த்துத்தான் குஞ்சு வந்து ஒட்டும். இந்த இனத்துக்கு மேனி கறுப்பதில்லை. குஞ்சுகள் கறுப்பாகத் தெரியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெற்றோர் என்று நம்பிச் சுற்றிச் சுற்றிச் சாகும். அதற்காக முட்டையை எடுத்துத் தனியே வளர்க்கும்போது, குஞ்சு வளர்க்கத் தெரியாத மீனின் வாரிசும் பிழைத்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

மறுப்பு உடனே வரும்: ஜோடி முட்டையைத் தின்றுவிடுகிறதே? இளம் ஜோடிகள் முதல் சில ஈடுகளைத் தின்பது சகஜம். கோனைச் சுற்றி வலை போட்டு, இரவில் மங்கலான விளக்கை எரியவிட்டு, தொட்டிப் பக்கம் நடமாட்டத்தைக் குறைத்து, நான்கைந்து ஈடு பொறுக்கலாம்; அதற்குப் பிறகும் தின்றால் அந்த ஜோடியை இனவிருத்தியிலிருந்து ஒதுக்குவதே சரி. இரண்டாவது வாதம் வரவு செலவு பற்றியது. முட்டையை எடுத்துவிட்டால் ஜோடி ஒரு வாரத்தில் மறுபடி முட்டையிடும், மூன்று வாரம் ஏன் முடக்குவது? கணக்கு காகிதத்தில் சரிதான். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருபதுக்கு முப்பது சைட் வீட்டின் மாடிக் கொட்டகையில் போட்டுப் பார்த்தால் தொகை மாறிவிடும். ஜாக் வாட்லி அமெரிக்காவில் பேர் வாங்கிய முட்டைப் பொடி முறையில், குஞ்சுகளை வளர்க்கும் தட்டின் விளிம்பில் பூசிய தீனி தண்ணீரைக் கெடுக்கும். நாளுக்குப் பலமுறை முழுத் தண்ணீரையும் மாற்றவேண்டும். இங்கே குழாயில் காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை, வந்தாலும் குளோரின் போக வைத்திருக்கவேண்டும். போர்வெல் தண்ணீரோ கடினநீர். ஆர்ஓ போட்டால் ஒரு வாளி நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று வாளி சாக்கடைக்குப் போகும். டிசம்பர் இரவில் கரண்ட் போனால் தட்டுத் தண்ணீர் சீக்கிரமே சில்லிட்டுவிடும், 29 டிகிரியில் இருக்கும் இரண்டடித் தொட்டி அவ்வளவு சீக்கிரம் ஆறாது. தண்ணீரும் சூடும் தட்டுப்பாடான ஊரில் பெற்றோரிடம் விடுவதுதான் சிக்கனம்.

மூன்றாவது வாதம் வலுவானது. செவுள் புழு பெரிய மீனிடமிருந்துதான் குஞ்சுக்குத் தொற்றுகிறது. அதைத் தடுக்கவே பலர் முட்டையைப் பிரிக்கிறார்கள். இதை மறுக்க முடியாது. புழு தீராத, ஆனால் இழக்க முடியாத ஓர் இனத்துக்குச் செயற்கை வளர்ப்பு நியாயமானதே. மற்றபடி ஜோடியைத் தனித்தொட்டியில் வைத்து, முட்டைக்கு முன்பே பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்தைக் கொடுத்து முடித்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. பீஜியன் பிளட் முட்டையை அதே சமயம் முட்டையிட்ட பிரவுன் அல்லது டர்க்காய்ஸ் வகை ஜோடியிடம் விட்டு வளர்ப்பதும் உண்டு. அப்போது ப்ரூவன் என்ற பெயர் வளர்த்த ஜோடிக்கே உரியது, முட்டையிட்டதற்கு அல்ல. ஜோடி விற்பவர் தொட்டியில் ஒட்டவேண்டியது மூன்றே விவரம்: முட்டையிட்ட தேதி, குஞ்சு நீந்திய தேதி, இருபத்தோராம் நாள் பெற்றோருடன் உயிரோடிருந்த குஞ்சுகளின் எண்ணிக்கை. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், வாங்குகிறவர் இரண்டு பெரிய மீனுக்கான விலையை மட்டும் பேசட்டும்.