வந்ததற்குப் பந்தல்! நின்றதற்கு வாய்ப்பூட்டா?

நமது நாட்டில் ஒரு பெண் குழந்தை ருதுவாகிவிட்டால் அச்சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்தாக வேண்டும். பந்தல் போடுகின்றார்கள், தாய்மாமன் சீர்வரிசை சுமந்து வருகின்றான், ஒலிபெருக்கி அலறுகின்றது, போதாக்குறைக்கு அந்தச் சிறு பெண்ணின் படத்தை ஆள் உயரத்திற்கு அச்சடித்துக் கடைத்தெருவில் கட்டுகின்றார்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் எங்கு போனாலும் இக்கூத்தைக் காணலாம். 12, 13 வயதுக் குழந்தையின் உடம்பில் நடந்த ஒரு காரியத்தை ஊரறியச் சொல்ல வெட்கப்படாத நாம், அதே பெண்ணுக்கு 45, 50 வயதில் அது நிற்கும்போது மட்டும், கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும்படி செய்து வைத்திருக்கின்றோமே, இதன் இரகசியம் என்ன?

வெட்கம் என்று சொல்வார்களானால், அந்த வெட்கம் பந்தல் போட்ட அன்று எங்கே போயிற்று? ஆகவே காரணம் வெட்கம் அல்ல. பெண் பிள்ளை பெறத் தயாராகிவிட்டாள், கொள்ள விரும்புகின்றவர்கள் வரலாம் என்று பறையறைவதே மஞ்சள் நீராட்டு. சரக்கு வந்துவிட்டது என்று விளம்பரம் போடுகின்ற வியாபாரி, சரக்குத் தீர்ந்துவிட்டது என்று விளம்பரம் போடுவானா? பெண்ணை மனித ஜீவனாக எண்ணாமல் ஒரு கர்ப்பப்பையாக எண்ணியதன் பலனே முதலில் அந்த ஆரவாரமும், பின்னால் இந்த மௌனமும் ஆகும். இரண்டும் ஒரே மரத்தில் காய்த்த காய்களே.

நிற்க, இந்த நின்றுபோதல் என்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பெண் பிறக்கும்போதே அவளது சூலகங்களில் கருமுட்டைகள் ஓர் அளவோடு இருக்கின்றன. வயது ஏற ஏற அவை குறைந்து, ஈஸ்ட்ரோஜன் என்கின்ற சுரப்பும் குறைந்து, கடைசியில் மாதவிடாய் நின்றுவிடுகின்றது. தொடர்ந்து 12 மாதம் வராதிருந்தால் நின்றுவிட்டது என்பது வைத்தியர்களின் கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டியும், மேல்நாட்டுப் பெண்களுக்கு 51 வயதை ஒட்டியும் நேருகின்றது. ஆனால் விளக்கை ஊதி அணைப்பதுபோல் ஒரே நாளில் நிற்பதில்லை. அதற்கு முந்திச் சில வருஷகாலம், ஒரு மாதம் முந்தியும் ஒரு மாதம் பிந்தியும் வரும். சில சமயம் கொட்டும். திடீரென்று முகமும் மார்பும் தீப்பட்டதுபோல் எரியும், நடுச்சாமத்தில் வியர்வையால் பாய் நனையும், தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், மூட்டு வலிக்கும், வைத்த சாமான் வைத்த இடம் மறந்துபோகும், காரணமில்லாமல் அழுகையும் கோபமும் வரும், மூத்திரம் எரியும், புருஷனோடு கூடுவது வேதனையாகும். எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை. சிலருக்கு ஒரு தொல்லையும் இல்லாமலே கடந்துபோகும். வருகின்றவர்களுக்கும் இது உடம்பில் நடக்கின்ற ஒரு காரியமே ஒழிய, பாவமும் அல்ல, பைத்தியமும் அல்ல, கிரகக்கோளாறும் அல்ல.

ஆனால் நம் ஜனங்கள் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கின்றார்கள்? கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கின்ற பெண், மரவள்ளிக் காட்டில் களையெடுக்கின்ற பெண், உடம்பு எரிகின்றது என்று சற்று நிழலில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். வீட்டில் ஒரு வார்த்தை கோபமாய்ப் பேசினால், மாமியாராகிவிட்ட திமிர். இராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுதால், பேய் பிடித்துவிட்டது. உடனே பூசாரி வருகின்றான், உடுக்கை வருகின்றது, வேப்பிலை வருகின்றது, ஒரு கோழியின் உயிரும் போகின்றது. கல்வராயன் மலைமேலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கச்சிராயப்பாளையத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறங்கி வருகின்ற பெண்ணுக்குப் பஸ் சத்தமும் ஒருநாள் கூலியும் நஷ்டம். பூசாரியோ கூப்பிடு தூரத்தில் இருக்கின்றான். டாக்டர் எட்டத்திலும் பூசாரி கிட்டத்திலும் இருக்கின்ற இடத்தில் பேய்களுக்குப் பஞ்சம் ஏது? இதைக் கேட்டு டவுனில் இருக்கின்றவர்கள் மலைவாசிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அங்கே உடுக்கை என்றால் இங்கே ஜாதகம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வாய்ப்பூட்டினால் வருகின்ற கேடு வெறும் மனக்கஷ்டத்தோடு நின்றுவிடுவதில்லை. வரப்போவது இன்னது என்று தெரியாத பெண், இரத்தம் கொட்டியவுடன் பயந்து, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகின்றாள். மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் நடந்ததைப் பாருங்கள். 2019இல் அந்த மாகாண சர்க்கார் அமைத்த குழு, கரும்பு வெட்டுகின்ற பெண்கள் 82,000 பேருக்கு மேல் விசாரித்ததில், 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பையை அறுத்தெடுத்துக் கொண்டவர்களாய் இருந்தார்கள். மாதவிடாயால் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்குத் தண்டம் கட்ட வேண்டும். டாக்டரிடம் போனால் புற்றுநோய் வந்துவிடும் என்ற பயமுறுத்தல். இரண்டுக்கும் நடுவில் சிக்கிய ஏழைப் பெண் கடன் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டாள். அதோடு சூலகங்களையும் எடுத்துவிட்டாலோ, 46 வயதில் மெள்ள மெள்ள வரவேண்டியது 30 வயதில் ஒரே நாளில் வந்து சேருகின்றது. எலும்பும் இருதயமும் காலத்துக்கு முன்பே கெடுகின்றன. அவசியமில்லாத இந்த அறுவைகளைத் தடுக்கும் விதிகளை எல்லா மாகாணங்களும் 3 மாதத்திற்குள் அமுலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட நேர்ந்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் சர்க்கரை ஆலைகளை வைத்துக்கொண்டிருக்கும் நாம், கரும்பு வெட்டும் பெண்ணின் கதையை வேறு தேசத்துக் கதையாகக் கேட்டுவிட்டுப் போகலாமா?

இன்னொரு கேடும் உண்டு. முழுதும் 12 மாதம் நின்றுபோன பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பல சமயம் அது சாதாரணமாயிருக்கும். சில சமயம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாயிருக்கும். ஆரம்பத்தில் கண்டால் பிழைக்கலாம். ஆனால், "இந்த வயதில் இதைப் போய் யாரிடம் சொல்வது?" என்று சேலைத்தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்ட தாய்மார்கள், சொல்லும்போது காலம் கடந்துவிடுகின்றது. அப்பேர்ப்பட்ட மானம் உயிரை வாங்குகின்ற மானம் அல்லவா?

இனி, கடவுள் சங்கதிக்கு வருவோம். கார்த்திகை பிறந்தால் நம் ஊர்த் தெருக்களில் கறுப்பும் நீலமும் உடுத்தி மாலை போட்டவர்களைப் பார்க்கின்றோம். அவர்கள் போகின்ற சபரிமலையில் 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் ஏறக்கூடாது என்ற வழக்கத்தை 1991இல் கேரள ஹைக்கோர்ட்டு சரி என்றது. 2018 செப்டம்பர் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அது தவறு என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன்மேல் நடந்த கலவரத்தை நாடே பார்த்தது. 2019 நவம்பரில் அதைச் சேர்ந்த கேள்விகள் பெரிய பெஞ்சுக்கு அனுப்பப்பட்டன. கோர்ட்டு ஒருபுறம் இருக்கட்டும். அந்த வழக்கப்படி, 44 வயதில் நின்றுபோன பெண் இன்னும் 6 வருஷம் வெளியே நிற்க வேண்டும். 52 வயதிலும் வருகின்ற பெண் தாராளமாய் உள்ளே போகலாம்! உடம்பைப் படைத்தவரே அவர் என்கின்றார்கள். தாம் படைத்த உடம்பில் எது எப்போது நிற்கும் என்பது தெரியாமல், அவரும் பிறந்த தேதிச் சீட்டைப் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கின்றது போலும்! 50க்கு மேல் அந்தக் கதவு திறப்பதைப் பெண்ணுக்குச் செய்த மரியாதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இவள் இனி ஆண்களின் மனத்தைக் கெடுக்கமாட்டாள், கணக்கில் சேராதவள் என்று தள்ளியதற்கு அது அத்தாட்சியே ஒழிய வேறல்ல.

கடவுள் 50க்கு மேல் கதவைத் திறக்கின்றார் என்றால், சர்க்காரோ 49உடன் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுகின்றது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசீயக் குடும்பநல சர்வேயில் பெண்களைத் தனியே உட்கார வைத்து அவர்கள் உடம்பையும் பிள்ளைப்பேற்றையும் பற்றிக் கேட்டது 15 முதல் 49 வயது வரைக்கும்தான். ஆண்களைக் கேட்டதோ 54 வயது வரை! இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மட்டும் 49க்கு மேற்பட்ட பெண்களுக்கும் பார்த்தார்கள். பிள்ளை பெறுகின்ற வயது வரையில்தான் பெண்ணின் வாய்க்குக் காது கொடுப்பது என்பது பூசாரியின் புத்தியா, சர்க்காரின் புத்தியா? கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் கையிலிருந்து சர்க்காரின் கைக்கு வந்ததே 1976இல்தான். கணக்கில் சேராதவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அம்மலையிலுள்ளவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைப்பேறு நின்ற பிறகு பெண் பயனற்றவள் என்பது இயற்கையின் விதியா என்றால் அதுவும் பொய். ஆப்பிரிக்காவில் டான்சானியாவிலுள்ள ஹட்சா என்கின்ற வேட்டை ஜனங்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரரும் அவரது கூட்டத்தாரும் கண்டது என்னவென்றால், கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியதில் பாட்டிகளின் உழைப்பே பெரும் பங்கு என்பதாகும். பாட்டியின் உழைப்பால் பேரன் பேத்திகள் பிழைத்ததாலேயே மனித ஜாதியில் பெண்கள் மாதவிடாய் நின்ற பின்னும் நெடுங்காலம் வாழ்கின்றார்கள் என்பது அவர்களது கருத்து. இதை மெய்ப்பிக்க ஆப்பிரிக்காவரை போக வேண்டுமா? மலையில் சாமை விதைப்பதும், மகள் வேலைக்குப் போனபின் பேரக்குழந்தையை வளர்ப்பதும் யார்?

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று சில கண்ணியவான்கள் கேட்கக்கூடும். பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மற்றவர்கள் கர்ப்பத்தடையைத் தாயின் சுகத்துக்காகவும் குடும்பத்தின் வறுமைக்காகவும் ஆதரித்தபோது, அவர் அதைப் பெண்ணின் விடுதலைக்காக ஆதரித்தார். கர்ப்பப்பைக்கு அப்பால் பெண்ணுக்கு ஒரு வாழ்வு உண்டு என்பதே அதன் பொருள். அப்படியானால், அக்கர்ப்பப்பை ஓய்ந்த பிறகு அவளுக்கு 20, 30 வருஷ வாழ்வு இருப்பதைப் பற்றிப் பேசுவது நம் வேலையல்லாமல் யார் வேலை?

ஆதலால் தோழர்களே, முதலில் அவரவர் வீட்டில் ஆரம்பியுங்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் தூக்கமில்லாத மனைவியை எரிந்து விழுகின்றவன் என்ன சுயமரியாதைக்காரன்? அவரிடம் என்ன செய்கின்றது என்று கேளுங்கள். அடுப்படி வேலையிலும் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பூசாரிக்குக் கொடுக்கும் பணத்தைப் பஸ் சத்தத்துக்குக் கொடுத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கள்ளக்குறிச்சிக்கு 2022இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஹார்மோன் மருந்து எல்லாருக்கும் ஆகாது. யாருக்கு ஆகும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். கேழ்வரகும், நடையும் எலும்புக்கு நல்லவை. தாய்மார்களும் தங்கள் பெண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2021இல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று வீடுவீடாய் ஆள் அனுப்பிக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க முடிந்ததென்றால், 40 வயதைத் தாண்டிய பெண்ணிடம் இன்னும் நாலு கேள்வி கேட்பது முடியாத காரியம் அல்ல. அந்தக் கேள்வி வெள்ளிமலையிலும் கேட்கப்பட வேண்டும்.

ருதுவான பெண்ணுக்குப் போடுகின்ற பந்தலைப் பிரித்தெறியுங்கள் என்று நாம் நெடுங்காலமாய்ச் சொல்லி வருகின்றோம். இப்போது அதோடு இதையும் சேர்த்துச் சொல்லுகின்றோம்: நின்றுபோன பெண்ணுக்குப் போட்டிருக்கின்ற வாய்ப்பூட்டையும் உடைத்தெறியுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை ஒழிக்க முடியாது.