குன்றுகளின் நாட்டில் ஒரு சகாய நிதி



குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வசதியுள்ள வீட்டார் மருத்துவரைத் தேடுகின்றனர்; வசதியற்ற வீட்டார் முதலில் சில்லறையைத் தேடுகின்றனர். ‘இன்றிரவு பொறுத்துப் பார்ப்போம், விடிந்தால் தணிந்துவிடும்’ என்று தாய் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் அந்த ஓர் இரவுக்குள் மலேரியாக் காய்ச்சல் குழந்தையின் மூளையை எட்டிவிடக்கூடும். மருந்து இருக்கும் ஊரிலேயே, அது காலந்தாழ்ந்து கிடைத்ததால் மாண்ட குழந்தைகள் ஏராளம். இந்தத் தாமதத்தைக் குறைக்க ஓர் ஏழை நாடு செய்த முயற்சியை இம்மாதம் காண்போம். அந்நாடு ருவாண்டா.

நடு ஆப்பிரிக்காவில், ஆயிரம் குன்றுகளின் நாடு என்று பெயர் பெற்றது அது. 1994 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ நூறு நாட்களில், சுமார் எட்டு இலட்சம் மக்கள் அங்கே படுகொலை செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் துட்சி இனத்தவர். வெட்டியவர்களுள் அண்டை வீட்டாரும் இருந்தனர். அடைக்கலம் நாடிப் புகுந்த ஆலயங்களுக்குள்ளேயே மடிந்தவர் பல்லாயிரவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. மருத்துவரும் செவிலியரும் கொல்லப்பட்டனர். உயிர் பிழைத்தோரில் பலர் எல்லை கடந்து ஓடினர். சுகாதார நிலையங்கள் சூறையாடப்பட்டுக் கிடந்தன.

பிறநாடுகள் அளித்த அவசர உதவியால் தொடக்கத்தில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. அவ்வுதவி குறையவே, 1996 இல் அரசு பழைய கட்டண முறையை மீண்டும் கொண்டுவந்தது. கருவூலம் வெறுமையாயிருந்த அரசுக்கு அன்று வேறு வழி தென்படவில்லை போலும். கட்டணம் சிறியதே. ஆயினும் கையில் காசு புழங்காத குடியானவனுக்குச் சிறிய கட்டணமும் பெரிய மதில். மக்கள் சுகாதார நிலையங்களுக்கு வருவது குறைந்தது. செவிலியர் இருந்தனர், நோயாளிகள் இல்லை. நோய் நாட்டைவிட்டு அகன்றுவிடவில்லை. அது வீடுகளுக்குள் தங்கிவிட்டது, அவ்வளவே.

1999 இல் பியும்பா, கப்காயி, கபுதாரே ஆகிய மூன்று மாவட்டங்களில் ஒரு சோதனை முயற்சி தொடங்கப்பெற்றது. பிரெஞ்சு மொழியில் ‘மூத்துவெல்’ என அழைக்கப்படும் அதனை நாம் பரஸ்பர சகாய நிதி எனலாம். ஏழு பேர் வரையுள்ள ஒரு குடும்பம் ஆண்டுக்கு 2,500 ருவாண்டா பிராங்க் சந்தா கட்டவேண்டும். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் சிறு தொகை ஒன்றைச் செலுத்தி, அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெறலாம். சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிடப் பல மடங்கு மிகுதியாகச் சுகாதார நிலையத்தை நாடினர் என்பதைச் சோதனை காட்டிற்று. வியப்பில்லை. பணம் அறுவடைக் காலத்திலேயே கட்டியாயிற்று. காய்ச்சல் கண்ட நாளில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

இந்நிதியின் நுட்பத்தைச் சற்று நின்று நோக்குவது தகும். தனி ஆள் சேர இயலாது. குடும்பம் முழுவதும் சேரவேண்டும் என்பது விதி. இது கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: விரும்பியவர் மட்டும் சேரலாம் என விட்டால் யார் சேருவர்? நோயுற்றவர், முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரே முந்திக்கொள்வர். திடகாத்திரமான இளைஞன் தன் பணத்தை மடியில் முடிந்துகொள்வான். எல்லாரும் எடுப்பவர், கொடுப்பவர் எவருமிலர் என்றால் எந்த நிதியும் ஈராண்டு நில்லாது. நலமுள்ளோரின் சந்தா நோயுற்றோருக்கு மருந்தாவதே இதன் உயிர்நாடி.

இந்த எண்ணம் அம்மக்களுக்குப் புதிதன்று. அங்கே நோயாளியை ‘இங்கோபி’ என்னும் நெடிய கூடைத் தூளியில் கிடத்தி, நால்வர் தோள்கொடுத்துக் குன்றிறங்கித் தூக்கிச் செல்வது தொன்றுதொட்ட வழக்கம். நம் மலைக் கிராமங்களில் டோலி கட்டித் தூக்குவது போன்றதே இது. தூக்குவதற்கென்றே அக்கம்பக்கத்தார் கூடி ஒரு சங்கமாக அமைவர். இன்று உன் வீட்டு நோயாளிக்கு என் தோள், நாளை என் வீட்டு நோயாளிக்கு உன் தோள். சகாய நிதி இதே முறையைப் பணத்தில் செய்தது.

சில ஆண்டுகளுக்குள் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. 2008 இல் அதற்குச் சட்டமும் பிறந்தது. ஆனால் சந்தாவை நிர்ணயிப்பதில் ஒரு கோணல் நேர்ந்தது. 2006 அளவில் தலைக்கு 1,000 பிராங்க் என்று ஒரே அளவாக வைத்தனர். அன்றைய மதிப்பில் அது இரண்டு டாலருக்கும் சற்றுக் குறைவு. பணக்காரனுக்கும் ஆயிரம், பாத்தி கொத்திப் பிழைப்பவனுக்கும் ஆயிரம். ஏழு பேருள்ள ஏழைக் குடும்பத்துக்கோ ஏழாயிரம்! சமமான சந்தா நியாயமான சந்தா ஆகிவிடாது என்பதை உணர்ந்து 2011 இல் முறையை மாற்றினர். மிக வறியோர்க்கு 2,000, அதையும் அரசும் உதவி நிறுவனங்களும் கட்டும், இடைப்பட்டோர்க்கு 3,000, வசதி படைத்தோர்க்கு 7,000.

யார் வறியவர், யார் வசதியுள்ளவர் என்று தீர்ப்பது எவர்? ஊராரே. ‘உபுதேஹே’ என்னும் பழைய வழக்கின்படி, மழைக்கு முன் ஒருவர் வயலை மற்றவர் கூடிக் கொத்திக் கொடுப்பர். அப்பெயரைத் தாங்கிய கிராமக் கூட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் எல்லார் முன்னிலையிலும் பேசப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், எனினும் மனத்தாங்கலுக்கும் அங்கே இடமிருந்தது. ‘எங்களை ஏன் மேல்தட்டில் வைத்தீர்கள்?’ என்ற முறையீடுகள் எழுந்தன. இடைப்பட்ட குடும்பங்களுக்குச் சந்தா மும்மடங்காயிற்று, பலர் விலகினர். நூற்றுக்கு 90 பேருக்கு மேல் சேர்ந்திருந்த திட்டத்தில் 2013–14 அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கினரே எஞ்சினர். சேர்க்கை இலக்கை எட்டுவதாக மேலிடத்துக்கு உறுதிமொழி அளித்திருந்த உள்ளூர் அதிகாரிகள் மக்களை வற்புறுத்தினர் என்ற குறைகளும் எழுந்தன. எதிர்க்குரலைப் பொறுக்காத ஆட்சி என்று பலர் குறைகூறும் நாடு அது. அங்கே ‘விருப்பத்துடன் சேர்ந்தார்’ என்னும் சொல்லைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

2015 இல் நிதியின் நிர்வாகம் நாட்டின் சமூகப் பாதுகாப்பு வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மாதச் சம்பளக்காரரின் நிகர ஊதியத்தில் நூற்றுக்கு அரைப் பங்கும், போக்குவரத்து அபராதத்தில் ஒரு பகுதியும், சூதாட்ட நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதியும் இந்நிதிக்கு வந்து சேர வழிசெய்தனர். ஏழைகள் தங்களுக்குள்ளேயே கூடிச் சேர்க்கும் பணம் ஏழைகளின் மருத்துவத்துக்குப் போதாது என்பதை அந்த அரசு ஏற்றுக்கொண்டதாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

பணத்தடை நீங்கினாலும் குன்று நகர்ந்துவிடாது. இதற்கு அவர்கள் கண்ட வழி, ஊருக்குள்ளேயே சுகாதாரத் தொண்டர்களை அமர்த்துவது. பல ஆண்டுகள் ஒவ்வொரு கிராமத்துக்கும் மூவர் இருந்தனர்: ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாக, தாய்சேய் நலத்துக்கென மேலும் ஒரு பெண். கிராம மக்களே இவர்களைத் தேர்ந்தெடுத்தனர். அப்போது நாடு முழுவதும் ஏறத்தாழ 45,000 பேர் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரிந்த இக்குடியானவர்களுக்குப் பயிற்சி அளித்து, ஒரு மருந்துப் பெட்டியையும் கொடுத்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மலேரியாவா என்று அங்கேயே பார்ப்பர். ஆமெனில் மருந்தை உடனே கொடுப்பர். மூச்சு விரைந்தால் எண்ணிப் பார்த்து நிமோனியாவுக்கு மருந்தளிப்பர். வயிற்றோட்டத்துக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் தருவர். குழந்தையின் மேற்கையை வண்ணப் பட்டையால் அளந்து, அளவு சிவப்பில் நின்றால் ஊட்டக்குறைவு என்று சுகாதார நிலையத்துக்கு அனுப்புவர். 2009 முதல், கர்ப்பிணிகளைப் பற்றிய செய்தியைக் கைத்தொலைபேசி வழியாகவே அனுப்பவும் தொடங்கினர்.

முன்பு கூறிய அந்த ஓர் இரவு இப்போது நினைவுக்கு வரலாம். தொண்டரின் வீடு நான்கு வீடு தள்ளி இருக்கிறது.

விளைவைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 2000 ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 196 குழந்தைகள் ஐந்து வயது நிரம்புமுன் இறந்தனர்; 2010 இல் 76; 2019–20 இல் 45. இலட்சம் பிறப்புகளுக்கு 1,071 தாய்மார் இறந்த நிலை 203 ஆகக் குறைந்தது. முன்பு நான்கு பிரசவங்களில் ஏறத்தாழ ஒன்றே மருத்துவ நிலையத்தில் நிகழ்ந்தது. 2014–15 இல் பத்தில் ஒன்பது. கொசுவலை, தடுப்பூசி, பிறநாட்டு நிதி ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஊசியும் வலையும் குன்றின்மேலுள்ள வீட்டை எட்டுவதற்கு எட்டவைக்கும் ஆள் வேண்டுமன்றோ?

வடக்கே புரேரா மாவட்டத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒரு மருத்துவமனையும் இல்லாதிருந்தது. அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மரும் அவருடைய தோழர்களும் அரசுடன் இணைந்து, அங்கே புதாரோ என்னும் குன்றின்மீது 2011 இல் ஒரு மருத்துவமனையைத் திறந்தனர். எரிமலைக் கல்லை உள்ளூர்க் கொத்தர் செதுக்கி இழைத்த சுவர்கள். அதைக் கட்டிய கூலி அம்மாவட்டத்து மக்களுக்கே போயிற்று. காசநோய்க் கிருமி அடைபட்ட காற்றில் பரவும் என்பதால், நோயாளிகள் நெருங்கி உட்காரும் உள்நடைகளைத் தவிர்த்து, நடைகளை வெளிப்புறத்தே அமைத்தனர். அடுத்த ஆண்டே அங்குப் புற்றுநோய் சிகிச்சையும் தொடங்கியது. ‘ஏழை நாட்டுக்குப் புற்றுநோய் மருத்துவம் எதற்கு?’ என்று கேட்டவர் பலர். ஏழைக்கும் புற்றுநோய் வரும் என்பதே அதற்கு விடை. ஃபார்மர் 2022 பிப்ரவரியில் அதே புதாரோவில் காலமானார்.

ருவாண்டாவின் சுகாதார நிலையங்களுள் கணிசமானவற்றைத் திருச்சபையும் பிற சபைகளும் நடத்துகின்றன. இவை அரசின் அமைப்புக்கு உட்பட்டே இயங்குகின்றன. சகாய நிதியின் உறுப்பினர் அரசு நிலையத்தில் பெறும் சலுகையைத் துறவியர் நடத்தும் நிலையத்திலும் பெறுகிறார். செயற்கைக் கருத்தடை முறைகளைக் கத்தோலிக்க நிலையங்கள் வழங்காத இடங்களில், அரசு அருகிலேயே சிறு நிலையங்களை அமைத்தது. கருத்து வேற்றுமை நீங்கவில்லை. ஆயினும் நோயாளி நடுவில் அலைக்கழிக்கப்படவில்லை.

ஓர் அமைப்பின் வலிமை சோதனைக் காலத்தில் விளங்கும். 2014 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த லைபீரியாவில் இருந்த மருத்துவர்கள் சில பத்துப் பேர் மட்டுமே. அக்கொள்ளைநோயில் அவ்வட்டாரத்தில் 11,300 பேருக்கு மேல் மாண்டனர். 2024 செப்டம்பரில் ருவாண்டாவில் எபோலாவுக்கு உறவான மார்பர்க் நோய் தோன்றியது. முந்தைய பரவல்கள் சிலவற்றில் நோயுற்ற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கொன்ற நோய் அது. ருவாண்டாவில் 66 பேர் நோயுற்றனர். 15 பேர் இறந்தனர். நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்களே. தீவிர சிகிச்சைக் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவரும் நாட்டிலேயே இருந்தனர். தொடர்புடையோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடும் இருந்தது. டிசம்பரில் நோய் ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டது.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று எண்ணற்க. 2019–20 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். அதற்கு மருந்துப் பெட்டியில் மருந்தில்லை, அடுப்பில்தான் உண்டு. 2025 இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியபோது, அவ்வுதவியைச் சார்ந்திருந்த பல ஏழை நாடுகளின் மருத்துவப் பணிகள் தள்ளாடின. தம் அமைப்பைக் கட்டியெழுப்பப் பிறநாட்டுப் பணத்தைப் பெற்ற ருவாண்டாவுக்கும் அது கவலை தரும் செய்தியே.

இன்னொன்றும் உறுத்துகிறது. இத்தனை பெரிய அமைப்பைத் தாங்கும் தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதே திட்டத்தின் தொடக்கம் முதலான ஏற்பாடு. செய்த வேலையின் அளவுக்கேற்ப அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு தொகை வரும். அதில் பெரும்பகுதி சங்கத்தின் பயிர்த்தொழிலிலும் கால்நடை வளர்ப்பிலும் முதலாகப் போடப்படும். சிறுபகுதியே அவர்கள் கைக்கு வரும். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்; வயலும் பிள்ளைகளும் உடையவர்கள். இத்தகைய தொண்டர்களுக்கு வேலைக்குத் தக்க ஊதியம் தரவேண்டும், வேலையளவைப் பொறுத்த ஊக்கத்தொகையை மட்டுமே நம்பச் செய்யலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பரிந்துரைத்தது. நியாயமான பரிந்துரை. ஆனால் இத்தனை பேருக்கு மாத ஊதியம் என்றால் அந்தப் பணம் குடியானவரின் சந்தாவிலிருந்து வரப்போவதில்லை. நாட்டின் வரிப்பணத்திலிருந்தோ, பிறநாட்டாரின் கையிலிருந்தோதான் வந்தாகவேண்டும்.