பிள்ளை கேட்கும் கேள்வி

 

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் விரிந்து கிடக்கும். வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை பொய்த்தால் அந்த ஆண்டு உளுந்தும் இல்லை; பருத்தியும் இல்லை. அம்மண்ணில் பாடுபடும் தம்பதியர் இருவர் அண்மையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் இல்லம் வந்தனர். மணமாகிப் பதினோர் ஆண்டுகள். மழலைச் செல்வம் இல்லை. மனைவியின் கருமுட்டை பயன்படாது. வேறொரு பெண்ணின் கருமுட்டையைப் பெற்று, கணவரின் விந்தணுவுடன் இணைத்து, மனைவியின் கருப்பையில் வைக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார்.

"மாமா, பத்து மாதம் சுமந்து நான் பெற்றால் அது என் பிள்ளை ஆகாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கணவரோ, "பருத்தி விதையை நான் கடையில்தான் வாங்குகிறேன். என் நிலத்தில் விளைந்தால் அது என் பருத்தி என்றுதானே ஊர் சொல்கிறது?" என்றார்.

நெஞ்சைத் தொட்ட கேள்விகள். அவர்களுக்கு நான் கூறிய விடையை உங்களுக்கும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஏனெனில் இக்கேள்வி இன்று நம் இல்லங்கள் பலவற்றின் வாசலில் வந்து நிற்கிறது.

முதலில் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, இவ்வாறு பிறக்கும் குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். கருமுட்டை அளித்தவளுக்குப் பெற்றோர் உரிமை எதுவும் இல்லை. அவள் 23 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவளாய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் அளிக்கலாம். ஏழு கருமுட்டைகளுக்கு மேல் எடுத்தலாகாது. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டிலேயே, ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் பன்முறை எடுத்து விற்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டு நாட்டையே உலுக்கியது. கருமுட்டை அளிப்பவளும் ஒரு வீட்டுப் பெண்பிள்ளை என்பதை நாம் மறத்தலாகாது.

மார்க்கம் என்ன கூறுகிறது? கணவன் மனைவி இருவருக்குள் அமையும் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குத் தடையில்லை. மூன்றாமவரின் அணுவோ முட்டையோ இடையில் வருவது கூடாது என்று 1980இல் எகிப்திலிருந்து தீர்ப்பு வெளிவந்தது. 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் அவ்வாறே முடிவு செய்தது. ஷீஆ அறிஞர்களிடையே மாற்றுக் கருத்து உண்டு. ஈரான் நாடு, ஒரு தம்பதியரின் கருவை மற்றொரு தம்பதியருக்கு அளிப்பதை 2003இல் சட்டமாக்கியது. எனினும் நம் ஸுன்னத் வல் ஜமாஅத் உலமாக்களின் பெரும்பான்மை முடிவு தடை என்பதே.

அந்தத் தடையின் உட்பொருள் யாது? "தம்பி, பருத்தி தன் தாய் யாரென்று ஒருநாளும் கேட்பதில்லை. பிள்ளை கேட்கும்" என்று அந்தக் கணவரிடம் கூறினேன். என் இரத்தம் யாருடையது? எனக்கு மணமுடிக்க ஆகாதவர் யார் யார்? நான் யாருக்கு வாரிசு? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை அறிவது பிள்ளையின் உரிமை. பெற்றோரின் ஏக்கம் எத்துணைப் பெரிதாயினும் அவ்வுரிமையை விலையாகக் கொடுக்க முடியாது.

அப்படியானால் அன்புக்கு வழியே இல்லையா? உண்டு. ஜைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மகனாகவே வளர்த்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற இறைக்கட்டளை வந்தபின் பெயர்தான் மாறியது, பாசம் மாறவில்லை. பெற்றோரை இழந்த உறவினர் பிள்ளையைச் சட்டப்படி பொறுப்பேற்று வளர்க்கலாம். அது ஆண் மகவாயின், இரண்டு வயதுக்குள் மனைவியின் உடன்பிறந்தாள் பாலூட்டினால், மனைவி அதற்குப் பால்வழிச் சின்னம்மாவோ பெரியம்மாவோ ஆகிறாள். பெண் மகவாயின், கணவரின் சகோதரி பாலூட்டினால் கணவர் அதற்குப் பால்வழித் தாய்மாமன். ஹனஃபீ மத்ஹபில் ஒருமுறை ஊட்டினாலே போதும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை வேண்டும். பின்னர் பர்தாவின் தடை அவ்வீட்டில் இராது. வாரிசுரிமை இல்லையெனினும், வாழும் நாளில் ஹிபாவாகவும், மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத்தாகவும் சொத்து அளிக்கலாம்.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். அறியாமலோ ஆற்றாமையாலோ இவ்வழியில் பிள்ளை பெற்றுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கக்கூடும். அப்பிள்ளை எக்குற்றமும் செய்யவில்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது மறை தரும் நீதி. அதனைப் பழித்துப் பேசும் நாவுக்கு மறுமையில் கணக்கு உண்டு. பெற்றோரும் ஆலிம் ஒருவரைக் கலந்து, தக்க வயதில் உண்மையைக் கனிவுடன் தாமே கூறுதல் நன்று. திருமணப் பேச்சு நடக்கும் நாளில் பிறர் வாயால் அது கேட்க நேரிட்டால், அந்த உள்ளம் தாங்காது.

மாமியார்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். அந்தப் பெண் என்னிடம் அழுதது குழந்தை இல்லையே என்பதற்காக மட்டுமன்று. ஒவ்வொரு பெருநாளிலும் உறவினர் முன்னிலையில் தன்னைக் கேட்கும் அந்த ஒரு கேள்விக்காகத்தான். அக்கேள்வியை நீங்கள் நிறுத்தினாலே, பல இளம் தம்பதியர் அச்சமின்றி நிதானமாகச் சிந்தித்து நல்ல முடிவெடுப்பர்.

இருவரும் விடைபெற்று எழுந்தபோது மஃரிபு பாங்கு ஒலித்தது. "பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை, மாமா" என்றாள் அப்பெண். அதற்குமேல் நான் எதுவும் கூறவில்லை.

முதுமையில் ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு யஹ்யாவை அருளிய இறைவன், ஏங்கும் இல்லங்கள் அனைத்திற்கும் கண்குளிர்ச்சியை அருள்வானாக. ஆமீன்.